ஒட்டுவேலைக் கப்பல்கள்: மூன்றடி மாடல் ஒரு மைலாகத் தெரிவது எப்படி?

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தின் தொடக்கக் காட்சி பலருக்கு நினைவிருக்கும். ஒரு சிறிய கப்பல் தப்பி ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு திரையின் மேல் விளிம்பிலிருந்து இன்னொரு கப்பலின் அடிவயிறு வருகிறது. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, முடியற மாதிரியே தெரியலை. கதைப்படி அந்த ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் ஏறக்குறைய ஒரு மைல். படப்பிடிப்புக்குச் செய்த மாடலின் நீளமோ வெறும் மூன்றடி. இதில் வேடிக்கை என்னவென்றால், தப்பி ஓடுகிற அந்த ‘சின்ன’ கப்பலின் மாடல் சுமார் ஆறடி. பெரியதைவிடச் சிறியது இரண்டு மடங்கு பெரியது!

இதற்குக் கேமரா வேலையும் ஒரு காரணம். அந்தக் காட்சியில் நகர்வது கப்பல் இல்லை, கேமராதான். ஆனால் அதே கேமராவை ஒரு மூன்றடிப் பலகைக்குக் கீழே ஓட்டினால் பலகைதான் தெரியும். மாடலின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நம் கண்ணை ஏமாற்றுகிறது. அது என்ன என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அந்த மேற்பரப்பில் இருப்பது, கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளின் பாகங்கள். டாங்கி, போர்க்கப்பல், ரயில் பீரங்கி, விமானம் என்று சிறுவர்கள் வாங்கி ஒட்டும் பெட்டிகளை டஜன் டஜனாக வாங்கிவந்து, பாகங்களைப் பிரித்து, அவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒட்டினார்கள். இப்படிக் கிட்டுகளை உடைத்துக் கட்டுவதற்குக் ‘கிட்பேஷிங்’ என்று பெயர். ஒட்டப்படும் சில்லறைப் பாகங்களுக்கு அந்தப் பட்டறையில் புழங்கிய செல்லப்பெயர் ‘கிரீப்ளி’. அர்த்தமில்லாத சொல்தான், அதனாலேயே பொருத்தமான சொல்.

இந்த வழக்கம் ஸ்டார் வார்ஸில் தொடங்கியதல்ல. 1965-ல் தொடங்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் பொம்மைத் தொடரில் டெரிக் மெடிங்ஸ் குழுவினர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தண்டர்பேர்ட் 1 நிற்கும் ஏவுதளத்தின் சுவரில் ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சை பிழியும் கருவியை ஒட்டி வைத்தது பிரசித்தம். அங்கே வேலை பார்த்த பிரையன் ஜான்சன் பிறகு குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்துக்குப் போனார். அதே படத்தில் வேலை செய்த டக்ளஸ் டிரம்புல் 1972-ல் ‘சைலன்ட் ரன்னிங்’ என்ற படத்தை இயக்கினார். அதன் சுமார் 25 அடிக் கப்பல் மாடலில் நூற்றுக்கணக்கான டாங்கி கிட்டுகளின் பாகங்கள் கரைந்து போயின. அந்தப் படத்தில் டிரம்புல்லிடம் வேலை பார்த்த ஜான் டைக்ஸ்ட்ராதான் ஸ்டார் வார்ஸின் விசேஷக் காட்சிப் பட்டறையைத் தொடங்கி நடத்தினார். கை மாறிக் கை மாறி வந்த தொழில் இது.

நேரம் மிச்சம், காசு மிச்சம் என்பதற்காகத்தான் இப்படிச் செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால், விளைவு மலிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியவில்லையே, ஏன்?

என் வாதம் இது. ஒரு டாங்கி கிட்டின் மூடியையோ சக்கர அச்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த வடிவத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கோ ஒரு பொறியாளர், குண்டு துளைக்காமல் இருக்க வேண்டும், சேறு சிக்காமல் இருக்க வேண்டும், ஒரு சிப்பாய் கையுறையோடு திறக்க முடிய வேண்டும் என்றெல்லாம் யோசித்து அதை வரைந்தார். பிறகு ஓர் அச்சுக் கலைஞர் அதை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கி உலோக அச்சில் செதுக்கினார். மாடல் செய்பவர் மூன்றாவது ஆள். அவர் அந்தப் பாகத்தின் பெயரை அழித்துவிடுகிறார், ஆனால் அதற்குள் இருக்கும் காரணத்தை அழிக்க முடிவதில்லை. ‘இது எதற்கென்று தெரியலை, ஆனா எதுக்கோ இருக்கு’ என்று நம் கண் நம்பிவிடுகிறது. கிரீப்ளி என்பது கடன் வாங்கிய காரணம். கையால் கத்தரித்த நூறு வெறும் சதுரத் துண்டுகளில் இந்த நம்பிக்கை வருவதில்லை.

பெயரை அழிக்கும் வேலையைப் பாதிக்கு மேல் செய்வது ஒரு பூச்சு. பச்சை டாங்கிப் பாகம், வெள்ளை பிவிசி குழாய், கறுப்புப் பேனா மூடி எல்லாம் ஒட்டிய நிலையில் மாடல் பார்க்கக் குப்பைமேடு மாதிரி இருக்கும். சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் அடித்தவுடன் எல்லாம் ஒரே உலோகத்தில் வார்த்தது போல ஆகிவிடும். பிரைமர் அடிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பலர் இந்தப் பொழுதுபோக்கை விடாமல் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு அதிகம் ஒட்டுகிறோமோ அவ்வளவு பெரிதாகத் தெரியுமா? தெரியாது. இங்கேதான் நிறைய மாடல்கள் தோற்கின்றன. ஸ்டார் டெஸ்ட்ராயரைத் திரும்பப் பாருங்கள். பெரிய முக்கோணத் தளங்கள் ஏறக்குறைய வெறுமையாக, மெல்லிய கோடுகளோடு கிடக்கின்றன. சில்லறைகள் எல்லாம் பக்கவாட்டுப் பள்ளத்திலும் மேற்கட்டுமானத்திலும் நெருக்கியடிக்கின்றன. மில்லினியம் ஃபால்கனும் அப்படித்தான். மேலே வளைந்த தகடுகளில் நிறைய இடம் சும்மா கிடக்கிறது. முன்பக்கக் கொடுக்குகளுக்கு உள்ளேயும் விளிம்புச் சுவரிலும்தான் கூட்டம். வெறுமையான இடம் ‘இது தகடு’ என்கிறது, நெருக்கமான இடம் ‘தகட்டுக்குக் கீழே இதெல்லாம் இருக்கு’ என்கிறது. வெறுமை இல்லையென்றால் நெருக்கத்துக்கு அர்த்தம் இல்லை. கோலத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருக்கும் தரை மாதிரி.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைச் சொன்னவர் மேட் ஜெஃப்ரீஸ், 1966-ல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலை வடிவமைத்தவர். விமானம் ஓட்டத் தெரிந்தவர். இயந்திரம் என்றால் பழுதாகும், பழுதாகும் பொருளை வெளியே வைத்தால் விண்வெளியில் யார் போய்ச் சரிசெய்வது, எல்லாம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால்தான் பெரும்பாலும் மரத்தில் செய்த அந்தப் பதினோரடி மாடல் வழவழவென்று இருக்கிறது. இப்போது அது வாஷிங்டனில் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஜெஃப்ரீஸ் சொன்னது சரியா? பாதி சரி. இன்று பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பழுதானால் மாற்ற வேண்டிய பெட்டிகள் நிறைய வெளியேதான் இருக்கின்றன. வீரர்கள் பிடித்து நகர வெளிப்புறமெங்கும் கைப்பிடிகள். சந்திரனில் இறங்கிய அப்போலோ கலம் காற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதால் கோணல்மாணலாக, துருத்திக்கொண்டு நின்றது. நிஜம் கிரீப்ளி பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் ஜெஃப்ரீஸிடம் நான் மதிப்பது அவர் விடையை அல்ல, கேள்வியை. ‘இதை யார் பழுது பார்ப்பார்?’ என்று அவர் கேட்டார். ஸ்டார் வார்ஸின் ஒய்-விங் விமானம் அதே கேள்விக்கு நேர் எதிரான பதில். அதன் குழாய்களும் பெட்டிகளும் அம்மணமாகத் தெரிகின்றன. அடிக்கடி ரிப்பேர் பார்க்க வேண்டியிருந்ததால் மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்பது கதைக்குள் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் பிறகு வந்ததாக இருந்தாலும் கவலையில்லை, மாடல் அதைத் தாங்குகிறது. இரண்டு கப்பலிலும் ஒரு வாதம் இருக்கிறது. வாதம் இல்லாத கிரீப்ளி வெறும் ஜிகினா.

இன்றைய நிலையைப் பற்றி இரண்டு புகார்கள்.

முதலாவது, கணினி. ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்பரப்பு முழுக்கப் பெட்டிகளையும் குழாய்களையும் தூவித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அச்சிட்டுத் தர முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கிறது. கருவியைக் குறை சொல்லவில்லை. தூவியதில் யாருடைய காரணமும் இல்லை என்பதுதான் குறை. எல்லா இடமும் ஒரே அடர்த்தி, கண் ஓய்வெடுக்க இடமில்லை. நகரத்தின் மேல் பறந்தால் கான்கிரீட் காடு தெரிகிற மாதிரி, எல்லாம் தெரிகிறது, எதுவும் நிற்பதில்லை.

இரண்டாவது, பக்தி. 1976-ல் மேசையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒட்டினார்கள். இன்று அந்த மாடல்களை அச்சு அசலாகச் செய்ய விரும்புகிறவர்கள், புகைப்படங்களைப் பெரிதாக்கி, ‘இந்தத் துண்டு எந்தக் கிட்டில் எத்தனையாவது பாகம்’ என்று கண்டுபிடித்து, உற்பத்தி நின்றுபோன பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள். பாண்டாய் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 72-ல் ஒரு பங்கு ஃபால்கன் கிட்டில், டாங்கியிலிருந்து கப்பலுக்குப் போன துண்டுகளின் வடிவம் கப்பலோடு சேர்த்தே அச்சில் வந்துவிடுகிறது. சுழற்சி முழுமையாகிவிட்டது! 2023-ல் முதல் படத்தில் பயன்பட்ட ஒரு எக்ஸ்-விங் மாடல் 31 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

அந்தத் தேடலில் உள்ள உழைப்பைக் கிண்டல் செய்ய மாட்டேன். எதை எங்கே வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது ஓலைச்சுவடியைப் படி எடுக்கிற வேலை, எழுதுகிற வேலை அல்ல. அசலைச் செய்தவர்களின் திறமை குறிப்பிட்ட அந்தத் துண்டில் இல்லை. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இது இங்கே உட்காரும்’ என்று முடிவு செய்த நொடியில் இருக்கிறது. படி எடுப்பவருக்குக் கிடைக்காதது அந்த நொடிதான்.

நம் ஊரில் பழைய கிட்டு கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அது ஒரு விதத்தில் நல்லது. பழுதான பிரிண்டரைப் பிரித்தால் பற்சக்கரங்களும் உருளைகளும் கிடைக்கும். மாத்திரை அட்டை வரிசையாகக் குமிழ்கள் தரும். சவர பிளேடின் தலை நல்ல வெப்பத் தடுப்பு. ஒரு எச்சரிக்கை: ஷாம்பு மூடி போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்கை, ஸ்டைரீனை உருக்கி ஒட்டும் பசை பிடிக்கவே பிடிக்காது.

இன்னொரு எச்சரிக்கை, அடையாளம் பற்றியது. அந்த எலுமிச்சை பிழியும் கருவியை 1965-ல் இங்கிலாந்தில் சமையலறை வைத்திருந்த எவரும் கண்டுபிடித்திருப்பார். அந்த வகையைப் பார்த்தே இராத ஒருவருக்கு அது வரிவரியான உலோகக் கவசம். இடியாப்ப அச்சுத் தட்டை ஒட்டினால் நிலைமை தலைகீழ். உலகம் முழுக்க அதை எஞ்சின் முகப்பு என்று நம்பும், நம் வீட்டு ஆட்கள் மட்டும் ‘ஏய், இது நம்ம நாழியோடது’ என்பார்கள். ஒரு பொருளின் பெயர் யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தே மாயை நிற்கிறது, விழுகிறது.

அதனால் ஒரு மாடலைப் பார்க்கும்போது எத்தனை துண்டு ஒட்டியிருக்கிறது என்று நான் எண்ணுவதில்லை. ஏதாவது ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, ‘நீ எதற்கு இங்கே இருக்கிறாய்?’ என்று மனதுக்குள் கேட்டுப் பார்க்கிறேன். பதில் பொய்யாக இருக்கலாம், தப்பில்லை. பதிலே வராமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.