புனிதராக்கப்பட்ட ஒரு வாத்தியார்: போன்ஹோஃபரைக் கீழிருந்து வாசித்தல்

ஒருவரைத் தியாகியாக்கிவிடுவது, அவர் எழுதியதைப் படிக்காமலிருப்பதற்கான மரியாதையான வழி. டீட்ரிஷ் போன்ஹோஃபர் விஷயத்தில் இதுதான் நடந்திருக்கிறது. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் லுத்தரன் போதகர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாஸன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டவர். இந்த இரண்டு வரி நம்மில் பலருக்கும் தெரியும். இந்த இரண்டு வரியோடு அவரை முடித்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பாசிசத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிற பாதிரியார் அவர் படத்தை மாட்டிக்கொள்ளலாம். தன் சபையின் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்தும் பார்க்காமலிருக்கிற பாதிரியாரும் அதே படத்தை மாட்டிக்கொள்ளலாம்.

எனக்கு அவருடைய தூக்குமேடையைவிட அவருடைய வகுப்பறை முக்கியமாகப் படுகிறது. அவர் அடிப்படையில் ஒரு வாத்தியார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். பிறகு போதகர்களைத் தயாரிக்கும் ஒரு கல்விக்கூடத்தின் தலைவர். பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்கிற சபை, சபைதானா என்ற கேள்வியை நடுவில் வைத்தவர். அந்தக் கேள்விக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார், எங்கே தயங்கினார் என்று பார்ப்பதே இந்த வாசிப்பின் நோக்கம்.

1

அவர் மேலேயிருந்து வந்தவர். 1906இல் பிரெஸ்லாவில் பிறந்தார். அப்பா பெர்லினில் மனநோய் மருத்துவப் பேராசிரியர். வீடு முழுக்கப் படிப்பும் இசையும். 21 வயதில் டாக்டர் பட்டம். 24 வயதில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி. முதல் ஆய்வேடே சபை என்ற சமூகத்தைப் பற்றியது. ஆனால் அது புத்தகத்துச் சபை. ரத்தமும் சதையுமாகச் சபை என்றால் என்ன என்று அவர் பார்த்தது ஜெர்மனியில் அல்ல, நியூயார்க்கில்.

1930-31இல் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போகிறார். அங்கே படித்த கறுப்பின நண்பர் ஃபிராங்க் ஃபிஷர் அவரை ஹார்லெமில் உள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துப் போகிறார். ஒரே வேதம், ஒரே கிறிஸ்து, ஆனால் வெள்ளைச் சபை வேறு, கறுப்புச் சபை வேறு. இந்தப் பிளவை அவர் அங்கேதான் நேரில் பார்க்கிறார். அந்தக் கறுப்புச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறார். கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களை இசைத்தட்டுகளாகச் சேகரித்து ஊருக்குக் கொண்டு வருகிறார். கல்லூரிப் பேராசிரியர்கள் கற்றுக்கொடுக்காததை ஹார்லெம் கற்றுக்கொடுத்தது. இதை அவரே பல விதங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வருகிறார். ஏப்ரல் 7 அன்று யூத வம்சாவளியினரை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வருகிறது. அதிலிருந்த 'ஆரியர் ஷரத்'தைச் சபைக்குள்ளும் கொண்டுவர வேண்டும், யூதப் பிறப்புள்ள போதகர்களை வெளியேற்ற வேண்டும் என்று 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற குழு கூச்சலிடுகிறது. செப்டம்பரில் பிரஷ்யச் சபையின் பொதுமன்றம் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மன்றத்துக்கு வந்த பலர் பழுப்புச் சீருடையில் வந்ததால் அதற்குப் 'பழுப்பு மன்றம்' என்றே பெயர்.

அந்த ஏப்ரலில் போன்ஹோஃபர் சபையும் யூதர் பிரச்சினையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரசு அநீதி செய்தால் சபைக்கு மூன்று வேலை உண்டு என்கிறார்: இது உன் வேலைதானா என்று அரசைக் கேட்பது, அடிபட்டவருக்குக் கட்டுப்போடுவது, தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தையே ஓடவிடாமல் நிறுத்துவது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில், யூதர்கள்மீது சாபம் உண்டு என்ற பழைய கிறிஸ்தவ வெறுப்பும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யூதர் விஷயத்தில் அரசு புதிய வழி தேட உரிமை உண்டு என்ற ஒப்புதலும் இருக்கிறது. இதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை?

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. அவருடைய இரட்டைச் சகோதரி ஸபீனாவின் கணவர் யூத வம்சாவளி. அந்தக் கணவரின் அப்பா, ஞானஸ்நானம் பெறாத யூதர், இறந்துபோகிறார். அடக்கத்தை நடத்தித்தரச் சொல்லி வீட்டார் கேட்கிறார்கள். போன்ஹோஃபர் மேலதிகாரியைக் கேட்கிறார், அவர் வேண்டாம் என்கிறார், இவரும் போகவில்லை. சில மாதங்கள் கழித்து, எப்படி இவ்வளவு பயந்தேன் என்று வெட்கப்பட்டு வீட்டாருக்குக் கடிதம் எழுதுகிறார். புனிதர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது சங்கடம். எனக்கு அவர் நிஜ மனுஷராகத் தெரிவது இங்கேதான். சக்கரத்தை நிறுத்தச் சொன்ன கைக்கு, ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூட அந்த ஏப்ரலில் தைரியம் வரவில்லை.

ஆனால் சபைக்குள் ஆரியர் ஷரத்து என்ற விஷயத்தில் அவர் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. யூதக் கிறிஸ்தவருக்குத் தனிச் சபை வைத்துத் தரலாமே என்று சமரசம் பேசியவர்கள் இருந்தார்கள். அப்படிப் பிரித்தால் அது சபை நிர்வாகத்தின் கோளாறு ஆகாது, விசுவாசத்தையே மறுதலிப்பது ஆகும் என்றார் அவர். பலவீனமான விசுவாசிகள் மனசு நோகுமே என்றால், பிரித்து உட்காரவைக்கச் சொல்கிறவன்தான் அந்தப் பலவீனன். அவனுக்காகச் சபை தன் வாசலை மாற்றிக் கட்ட முடியாது. அவர் வாதத்தின் சாரம் இது.

3

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் காது சுடும். சுட வேண்டும். ஏனென்றால் இந்த வாதம் நம் ஊர் லுத்தரன் வரலாற்றில் நூறு வருஷம் முன்பே நடந்து தோற்றது.

1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். தரங்கம்பாடி மரபின் பெருங்கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். பின்னர் வந்த லைப்ஸிக் லுத்தரன் மிஷன், சாதி ஒரு சமூக வழக்கம், அதைப் படிப்படியாகக் கரையவிடலாம், திருவிருந்துக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்ற நிலை எடுத்தது. கோபித்துக்கொண்டு வந்தவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த நிலைக்கு வாதம் கட்டித்தந்தவர் மிஷன் இயக்குநர் கார்ல் கிரௌல். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். தமிழை உண்மையாக நேசித்தவர். நேசித்தார், ஆனால் யாருடைய தமிழகத்தை?

கிரௌல் 1864இல் எர்லாங்கன் நகரில் இறந்தார். அதே எர்லாங்கனின் இறையியல் பேராசிரியர்கள் பால் அல்தௌஸும் வெர்னர் எலர்ட்டும் 1933 செப்டம்பரில் ஆரியர் ஷரத்து பற்றி ஒரு கருத்துரை கொடுத்தார்கள்: ஒவ்வொரு இனமும் கடவுள் படைப்பின் ஒழுங்கு, ஆகவே யூதக் கிறிஸ்தவர் போதகப் பதவிகளிலிருந்து ஒதுங்கியிருப்பது நல்லது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சொல்லாடலின் இரண்டு கிளைகள் என்கிறேன். வழக்கம், ஒழுங்கு, இயல்பு, படிப்படியாக என்ற சொற்களை அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒருவன் வாசலுக்கு வெளியே நிற்பான். போன்ஹோஃபர் உடைத்தது இந்தச் சொல்லாடலைத்தான். அவரை நாம் வாசிக்க வேண்டியதும் இதற்காகத்தான்.

காந்தியோடு அவருக்கிருந்த தொடர்பை இங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஆசிரமத்தில் வந்து தங்க ஆசைப்பட்டதும், காந்தி 1934 நவம்பரில் வரச்சொல்லிக் கடிதம் எழுதியதும் உண்மைதான். போதகர் கல்விக்கூடப் பொறுப்பு வந்ததால் பயணம் நின்றுபோனது. 1935 அக்டோபரில் யேவலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபோது போன்ஹோஃபர் தன் மாணவர்களோடு இருந்தார். பிறப்பால் பிரிக்கிற மதத்துக்குள் எனக்கு என்ன வேலை என்ற கேள்வியை இந்தியாவில் அன்று கேட்டுக்கொண்டிருந்தவர் அம்பேத்கர். போன்ஹோஃபர் தேடிய இந்தியா காந்தியுடையது. அவர் கேள்விக்கு உறவான இந்தியா அம்பேத்கருடையது. இரண்டும் சந்திக்கவில்லை.

4

1935 ஏப்ரலில் பால்டிக் கடலோரம் ஸிங்ஸ்டில் தொடங்கி, பிறகு ஸ்டெட்டின் அருகே ஃபிங்கன்வால்டேயில் நடந்தது அந்தக் கல்விக்கூடம். அரசுச் சபையை ஏற்காத 'அறிக்கைச் சபை'யுடையது; அந்த டிசம்பரிலேயே சட்டவிரோதமாக்கப்பட்டது. காலையில் ஒரே வேதப்பகுதியை வைத்து அரைமணி நேர மௌனம். இல்லாத சகோதரனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்று ஒரு விதி. சாயங்காலங்களில் ஹார்லெமின் இசைத்தட்டுகள் சுழன்றன. நாஜி ஜெர்மனியில் ஒரு வீட்டில் கறுப்பர்களின் பாட்டு. 1937 செப்டம்பரில் கெஸ்டபோ பூட்டு போட்டது. 'சீடத்துவம்' அந்த வருஷம்தான் வெளிவந்தது. 1939இல் 'கூடி வாழ்தல்'.

இதையும் அப்படியே கொண்டாட முடியாது. அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களில் பலர் பின்னாளில் ஹிட்லரின் ராணுவத்துக்கே இழுக்கப்பட்டுப் போர்முனையில் மடிந்தார்கள். அறிக்கைச் சபையும் பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற யூதருக்காகத்தான் வாய் திறந்தது; 1934இன் பார்மன் அறிக்கையில் யூதர் என்ற சொல்லே கிடையாது. போன்ஹோஃபர் அந்த எல்லையைத் தாண்டினார், ஆனால் மெதுவாக. 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிந்தபோது தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் தேதியைக் குறித்துவைத்தார். 1942இல் 14 பேரை, பெரும்பாலும் யூத வம்சாவளியினரை, சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்த ஏற்பாட்டில் பங்கெடுத்தார். கொலைச் சதியில் ஈடுபட்டிருந்தவர்களோடு சேர்ந்தார். 1943 ஏப்ரலில் கைதானார்.

1942 கடைசியில் நண்பர்களுக்காகப் பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து எழுதினார். அதைச் சேர்ந்த ஒரு துண்டில், சரித்திரத்தை ஒதுக்கப்பட்டவர், அதிகாரமில்லாதவர், அவமதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டதே பெரிய லாபம் என்கிறார். லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலாளர்கள் கைநீட்டி எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சரி, கீழே இருக்கிறவர் இந்தப் பிரதியில் எங்கே பேசுகிறார்? இது மேலேயிருந்து இறங்கி வந்தவர், இறங்கி வந்தவர்களுக்காக எழுதியது. அதே காலத்தில் எழுதிய 'அறவியல்' நூலில் மேல் கீழ் என்ற ஒழுங்கைக் கடவுளின் கட்டளையோடு சேர்த்துவைக்கிறார். 1943இல் சிறையிலிருந்து எழுதிய திருமணப் பிரசங்கத்தில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார். இனத்தின் பேரால் வந்த படைப்பு ஒழுங்கை உடைத்தவர், குடும்பத்தின் பேரால் வந்ததை உடைக்கவில்லை. கீழிருந்து பார்க்கக் கற்பது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல என்பதற்கு அவரே சாட்சி.

லுத்தரன் உலகம் அவருடைய கேள்வியை ஒரு தடவை செயலாக்கிக் காட்டியது. 1977இல் தார்-எஸ்-ஸலாமில் கூடிய உலக லுத்தரன் சம்மேளனம், நிறவெறியை விசுவாசமே பணயமாகிற பிரச்சினை என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்ட்டில், தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளைச் சபைகளை உறுப்பினர் நிலையிலிருந்து நிறுத்திவைத்தது. பிரித்து உட்காரவைக்கிற சபையோடு நாங்கள் சேர்ந்து உட்கார முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். இப்படிச் சொல்லவும் செய்யவும் முடியும் என்று ஆகிவிட்டது.

ஆகவே தமிழ்நாட்டில் போன்ஹோஃபர் படத்தை மாட்டுகிறவர்களிடம் அவருடைய மரணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. படம் மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய கல்லறை இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.