எண்ணுவதும் நிறுப்பதும்

பெரும்பொருட்செலவில் உருவாகும் தொடர்ச்சிப் படங்களைக் காணுமுன் விமர்சகர் விழுக்காட்டை நாம் தேடுகிறோம். ராட்டன் டொமேட்டோஸ் இணையத்தளம் 90 விழுக்காடு என்றால், அது படத்தின் மதிப்பெண் அன்று. விமர்சகருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'நன்று' என்றனர் என்பதே பொருள். எவ்வளவு நன்று, ஏன் நன்று என்பதை அது உரைப்பதில்லை.

'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடர்ச்சியாக 1980இல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தை நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கான்பி குறைகூறினார். அதே படம் 2010இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. கான்பி தவறியிருக்கலாம், ஆயினும் அவர் காரணம் கூறினார். காரணத்தோடு நாம் வாதிடலாம். எண்ணோடு வாதிட இயலுமா?

ஆகவே விமர்சனத்தை வாசிப்போம். விழுக்காட்டிற்குத் தலைவணங்க வேண்டா. தலைகளை எண்ணுவது வேறு, தகுதியை நிறுப்பது வேறு. நிறுக்கும் பொறுப்பு நம் மனச்சான்றுக்கே உரியது.