வடம் யார் கையில்?

“ஊர் கூடித் தேர் இழுப்போம்” என்பது நம் நாட்டு மேடைகளில் மலிந்துவிட்ட சொற்றொடர். கட்சி மாநாடாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்பும் முயற்சியாயினும், ஒற்றுமைக்கு உவமை தேடுவோர் நாவில் முதலில் வந்து நிற்பது தேர்தான். அழகிய உவமை, மறுக்கவில்லை. ஆனால் உவமையைப் பாராட்டுமுன் உவமானத்தைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டாமா? ஊர் என்றால் எந்த ஊர்? கூடியவர் யார்? கூடக் கூடாதென்று விலக்கப்பட்டவர் யார்? எவர் கை வடத்தைத் தொட்டால் புண்ணியம் என்றனர்? எவர் கை தொட்டால் தீட்டு என்றனர்? இக்கேள்விகளை எழுப்பாமல் தேரைப் புகழ்வது, அடித்தளத்தைக் காணாமல் கோபுரத்தை மெச்சுவதாகும்.

தேர்த்திருவிழாவுக்குப் பக்தர்கள் கூறும் விளக்கம் செவிக்கு இனியது. முதுமையால் நடை தளர்ந்தோர், நோயுற்றோர், ஊனமுற்றோர் ஆகியோர் கோயிலுக்கு வர இயலாது. ஆகவே கருணை கொண்ட ஆண்டவன் தானே வீதிக்கு எழுந்தருள்கிறான் என்பர். நன்று. கால் தடுத்ததால் வர இயலாதவருக்காக இரங்கிய ஆண்டவன், சாதி தடுத்ததால் வர இயலாதவருக்காக இரங்கவில்லையே, ஏன்? தேரோடும் வீதிகள் நான்கு; நான்கும் கோயிலைச் சுற்றியவை. தேர் புறப்பட்ட நிலைக்கே வந்து சேருகிறது. சேரியின் தெரு குறுகியது, அங்கே தேர் நுழையாது என்பர். மெய்தான். அந்தத் தெருவைக் குறுக்கியவர் யார் என்பதே நம் கேள்வி.

சரி, தேர் எதனால் ஓடுகிறது? திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன் என்பர். பழைய தேர் 1920களில் தீக்கிரையாயிற்று. 1930இல் புதிய தேர் ஓடிற்று. 1948க்குப் பின் அதுவும் நிலையிலேயே நின்றுவிட்டது. நின்ற தேருக்கு நேர்ந்துகொண்டவர் எத்தனை பேரோ, நாம் அறியோம். நேர்த்திக்கடனால் அது நகரவில்லை என்பதை மட்டும் ஊரே அறியும். அத்தேர் மீண்டும் ஓடியது 1970இல், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. அதன் இரும்பு அச்சும், வேகத்தை அடக்கும் நீர்விசைத் தடையும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் கைவண்ணம். தச்சன் செதுக்கினான், கொல்லன் அடித்தான், பொறியாளன் பூட்டினான், ஆயிரமாயிரம் கைகள் வடம் பிடித்தன, உருளும் சக்கரத்தருகே உயிரைப் பணயம் வைத்து ஓடுவோர் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பினர். புகழ் மட்டும் மேலே அமர்ந்திருந்த சிலைக்குப் போயிற்று!

“நாத்திகர் ஆட்சியில்தான் தேர் ஓடிற்று” என்று நம்மில் சிலர் மார்தட்டுவர். “நாத்திகரும் தேருக்கு வந்து சேர்ந்தனர்” என்று எதிர்ப்பக்கத்தார் எள்ளி நகையாடுவர். இரண்டும் ஒரே குறையுடைய பேச்சு. தேர் ஓடியதா என்பதோடு இரு சாராரும் நின்றுவிடுகின்றனர். வடம் யார் கையில் என்று கேட்பவர்தாம் இல்லை.

அதைக் கேட்க வைத்தது கண்டதேவி. சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டையை அடுத்த சிற்றூர். அங்குள்ள சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேருக்கு வடங்கள் நான்கு. அவை உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்னும் நான்கு நாட்டாருக்கு உரியவை என்பது வழக்கம். வழக்கம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது விலக்கம். ஒடுக்கப்பட்ட மக்கள், “எங்களுக்கும் வடம் பிடிக்கும் உரிமை உண்டு” என்றனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அரசியல் சட்டத்தின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது 1950இல். அதற்கு 48 ஆண்டுகள் கழித்து, 1998இல், சமமாக இழுப்பதைவிட இழுக்காதிருப்பதே மேல் என்பதுபோல் கண்டதேவித் தேர் ஓடாமல் நின்றது. பின்னர் சில ஆண்டுகள் காவலர் சூழ ஓடிற்று. மீண்டும் நெடுங்காலம் நின்றது. நீதிமன்றம் இடித்துரைத்த பிறகு 2024 சூன் திங்களில் பெரும் காவலுக்கிடையே ஓடியது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! உலகாளும் ஆண்டவன் நான்கு தெருச் சுற்றி வர, நீதிமன்றத்தின் ஆணையும் காவல்துறையின் தடியும் வேண்டியிருந்தன. தடுத்தது யார்? இறைமறுப்பாளனா? அன்று! அந்தத் தேருக்கு முன் கைகூப்பியவர்களே!

பக்தி இலக்கியம் சாதியைச் சாடவில்லையா, அடியார்க்குள் வேற்றுமை இல்லை என்று பாடவில்லையா எனப் புலவர் பெருமக்கள் கேட்பர். பாடிற்று. பாட்டை நாம் மறுக்கவில்லை. பாட்டு எங்கே போய் முடிந்தது என்று பார்க்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு இருக்கிறது. நந்தன் கோயில் முரசுகளுக்குத் தோல் தருகிறார். யாழுக்கு நரம்பு தருகிறார். பூசைக்குக் கோரோசனை தருகிறார். அவர் கைப்பட்ட தோல் உள்ளே போகிறது. அந்தக் கை வெளியே நிற்கிறது. திருப்புன்கூரில் அவர் கண்டு வணங்கக் கல் நந்தி விலகிற்றாம். கல் விலகிய ஊரில் கட்டுப்பாடு விலகவில்லை! தில்லையிலோ, நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே அவர் உள்ளே செல்கிறார். அவருடைய பிறப்பு எரிந்து போகவேண்டும். அவரை விலக்கிய விதி எரியாமல் இருக்கவேண்டும். இதுவா சமத்துவம்? அடியாரை உயர்த்தும் கவிதை, அவர் பிறந்த தெருவை அவ்விடத்திலேயே விட்டுவிட்டது. அத்தெருவிலிருந்து வந்தவர்தாம் கண்டதேவியில் வடத்தைக் கேட்டனர். தீக்குளிக்கச் சம்மதிக்காமல் கேட்டனர். அதனால்தான் அத்தனை ஆத்திரம்!

அதே புராணம் திருவாரூரில் தேர்க்கதை ஒன்றும் சொல்கிறது. இளவரசன் ஊர்ந்த தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் மகனைத் தேர்க்காலிலிட்டான். இந்தக் கதையை வகுப்பறையில் நாமும் சொல்லித் தருகிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் நிற்கிறது. ஆண்டவனே தோன்றி எல்லாரையும் எழுப்பினான் என்ற முடிவை நாம் ஏற்கவில்லை. தேர் உயிரைப் பறித்தால் ஓட்டியவன் பொறுப்பாளி என்ற நீதியை ஏற்கிறோம். பக்தர்கள் முடிவை ஏற்று நீதியை மறந்தனர். 2022 ஏப்ரல் 27 அன்று விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாவுக்கு இழுத்துச் சென்ற சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவரும் உண்டு. கன்றுக்கு ஒரு மணி இருந்தது. அச்சிறுவர்களுக்கு? “விதி” என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டால், அடுத்த ஊர்வலத்தின் பாதையை யார் அளப்பது? மின்னோட்டத்தை நிறுத்தச் சொல்லுவது யார்? அங்கே பக்தியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அளவுகோலும் மின் பொறியாளரும் வேண்டும்.

“தேரே வேண்டாம் என்போர், வடம் பிடிக்கும் உரிமைக்கு ஏன் வாதாட வேண்டும்?” இந்த ஐயம் நம் இளைஞரிடமும் உண்டு. விடை வரலாற்றில் இருக்கிறது. 1924இல் பெரியார் வைக்கம் சென்று சிறை புகுந்தார். கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போர் அது. சாமி கும்பிட ஆசைப்பட்டா அவர் சிறை சென்றார்? மனிதன் நடக்கக் கூடாத தெரு ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காகச் சென்றார். வடமும் அத்தகையதே. வேண்டாம் என்று கைவிடுவது சுதந்திர மனிதனின் முடிவு. தொடாதே என்று தள்ளப்படுவது அடிமையின் நிலை. முன்னதற்கு உரிமை கிடைக்க, பின்னது ஒழிந்தாக வேண்டும். உரிமை பெற்றவனிடம்தான், “இந்தக் கைவலிமையைக் குளம் தூர்வாரவும் பள்ளி கட்டவும் செலவிடு” என்று நாம் உரிமையோடு பேசமுடியும். உரிமையற்றவனிடம் அதைச் சொன்னால், விலக்கியவனின் குரலோடு நம் குரலும் கலந்துவிடும்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊர்த் தேருக்கு முன் கும்பிடவும் வேண்டாம். முகம் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். நின்று பாருங்கள். வடம் பிடிப்போர் எத்தெருவினர்? முதல் மரியாதை எவருக்கு? முட்டுக்கட்டை போடுவோர் எவர்? எந்தத் தெருவின் முனையில் தேர் திரும்பிவிடுகிறது? கம்பியின் உயரத்தை எவரேனும் அளந்தனரா? கண்டதை எழுதுங்கள், ஊர் மன்றத்தில் படியுங்கள். சேரியும் ஊரும் ஒரே வடத்தைப் பிடிக்காத வரையில், “ஊர் கூடி” என்னும் சொல்லை மேடையில் எவர் சொன்னாலும், எந்த ஊர் என்று எழுந்து கேளுங்கள். சொன்னவர் நம் கழகத்தவரேயானாலும் கேளுங்கள்.