மனசு ஒட்டாத வேலை

தொழிலாளியை மனசு ஒன்றி, சோர்ந்துபோகாமல், வருஷக்கணக்கில் வேலை செய்ய வைப்பது எப்படி? நிர்வாகவியல் பாடப் புத்தகங்கள் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. இதை யார், யாரிடம் கேட்டார்கள் என்பதிலிருந்து நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் தன் சகாக்களோடு எழுதிய நூல் இத்துறையில் இன்றும் பாடம். பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் 200 பேரிடம் பேசி அவர் சொன்னது: சம்பளம், மேலதிகாரி நடத்தும் விதம், வேலையிடத்தின் நிலை இவை சரியில்லையென்றால் அதிருப்தி வரும், சரியாக இருந்தால் அதிருப்தி இருக்காது, அவ்வளவே. ஈடுபாட்டைத் தருபவை வேறு: சாதனை, பாராட்டு, பொறுப்பு, உயர்வு. முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் 'சுகாதாரக் காரணிகள்'. சுகாதாரம்! அந்த வார்த்தையைத் தலையில் சுமக்கிற ஜனங்களை யாரும் பேட்டி காணவில்லை.

என் சித்தி ஒரு நகராட்சியில் ஒப்பந்தக் கூலியாகக் குப்பை அள்ளுகிறவர். ஒரு குடியரசு தினத்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஹெர்ஸ்பெர்க் சொல்கிற 'பாராட்டு' அதுதான். வீட்டுக்கு வந்து சித்தி சொன்னார்: "கையுறை கேட்டோம்டா. கை தட்டி அனுப்பிட்டாங்க."

இந்த இடத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலைத் திரும்பப் படிக்கலாம். மலையாளத்தில் 1947இல் வந்தது; சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. அப்பன் இசக்கிமுத்துவின் வாளியும் மம்மட்டியும் மகன் சுடலைமுத்துவின் கைக்கு வருகின்றன. சுடலைமுத்து நிர்வாகவியல் கனவு காண்கிற தொழிலாளி. சுத்தபத்தமாக இருக்கப் பார்க்கிறான். காசு சேர்க்கிறான். மேலிடத்தின் நம்பிக்கைக்காகத் தோட்டிகளின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். சேர்த்த காசை நகரசபைத் தலைவரிடமே கொடுத்துவைக்கிறான். கடைசியில் காசும் போகிறது, உயிரும் போகிறது. மகனும் வாளியைத் தூக்குகிறான்.

வர்க்கப் பார்வையில் மட்டும் வாசிக்கிறவர்கள் இவனைத் துரோகி என்று முடித்துவிடுவார்கள். துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனை ஓட வைத்தது எது? கேடயமா, பதவியா? 'என் புள்ள தோட்டியாகக் கூடாது' என்கிற ஒரே ஆசை. தன் வம்சம் இந்த வேலையைவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகவே அவன் இந்த வேலையில் நல்லபேர் வாங்குகிறான். ஹெர்ஸ்பெர்க்கின் எந்தக் கட்டத்தில் இதை அடைப்பது? யாரும் எழுதத் துணியாத வாழ்வை எழுதிய தகழியும் இங்கே தடுமாறுகிறார். வெளியேறும் ஆசையை ஒரு தனிமனிதனின் சுயநலமாக நிறுத்திவிடுகிறார். சாதித்தொழிலிலிருந்து வெளியேற நினைப்பதே ஓர் அரசியல் என்பது நாவலில் அழுத்தம் பெறவில்லை.

அம்பேத்கருக்கு அது தெரிந்திருந்தது. ஹெர்ஸ்பெர்க்கிற்கு 23 வருஷம் முந்தி, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் இதைப் பேசிவிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது. விருப்பம் கேட்காமல் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையில் மனசும் ஒட்டாது, மூளையும் ஒட்டாது. அங்கே திறமையை எதிர்பார்ப்பது வீண் என்றார். வேலைத்திறன் பற்றி இந்த மண்ணிலிருந்து எழுந்த கோட்பாடு இது. எத்தனை நிர்வாகவியல் வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறார்கள்?

சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. சோறு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கேட்டது வேறு. 'இந்த வேலையிலேயே நிரந்தரமாக்கினால் இந்த மக்கள் எப்போதுதான் விடுபடுவது?' என்று அப்போது நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வந்தது. நியாயமான கவலை. ஆனால் ஒப்பந்தக் கூலி யாரையும் விடுவிப்பதில்லை. கையில் நிலையான சம்பளமும் பின்னால் ஓய்வூதியமும் இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு வாசல் திறக்கும். வாளியைக் கீழே வைக்கிற உரிமை இல்லாதவனிடம் ஈடுபாடு பற்றிப் பேசுவது மோசடி.

சித்தியின் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். சித்தி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓடுவது அதற்காகத்தான். நிர்வாகவியல் படிக்கிற நம் பிள்ளைகள் இதற்கு ஒரு பெயர் வைத்துப் பரீட்சைத் தாளில் எழுதட்டும்.