பாதி வந்தாலும் படிக்கலாம்

போன வாரம் சேரப்பணஞ்சேரியில் பஸ் ஏறி, ஒரகடம் போகிற வழியில் ஒரு தமிழ்ச் செய்திக் கட்டுரையைத் திறந்தேன். சிக்னல் ஒரு பாயிண்ட்தான். பக்கம் வெள்ளையாகவே நின்றது. வீட்டுக்கு வந்து, உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அதையே திறந்து பார்த்தேன். இந்தச் செயலி ஓட ஜாவாஸ்கிரிப்ட் தேவை என்று ஒரே ஒரு ஆங்கில வரி. ரியாக்ட்டில் புதிதாக ஒரு தளம் தொடங்கும்போது கருவியே வைத்துத் தந்த வரி அது. யாரும் அதைத் தமிழாக்கக்கூட மெனக்கெடலை. நான் செயலியா கேட்டேன்? கட்டுரைதானே கேட்டேன்!

ஸ்கிரிப்ட் அணைத்தபடியே மதுரைத் திட்டத்தின் திருக்குறள் பக்கத்துக்குப் போனேன். முழுசா வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்தபடி முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி இது. அழகு என்று சொல்ல ஒண்ணுமில்லை, வடிவமைப்பு அந்தக் காலத்தது. ஆனால் அவர்களும் ஒரு பூட்டோடுதான் ஆரம்பித்தார்கள். குறிப்பிட்ட எழுத்துரு கணினியில் இருந்தால்தான் நூலைப் படிக்க முடியும். அப்போ நாளிதழ்த் தளங்களிலும் இதே கதைதான், ஆளுக்கொரு எழுத்துரு. நிறுவாவிட்டால் பக்கம் முழுக்கக் கிறுக்கல். மதுரைத் திட்டம் திஸ்கிக்கு மாறியது, பிறகு யூனிகோடுக்கு. ஒவ்வொரு முறையும் வாசகர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியது குறைந்தது. இப்படிக் கழற்றிய பூட்டை ஸ்கிரிப்ட் என்ற பெயரில் நாமே திரும்ப மாட்டுகிறோம்.

"இப்போ யாருங்க ஜாவாஸ்கிரிப்டை அணைக்கிறாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2013-இல் பிரிட்டன் அரசின் இணையக் குழு இதை எண்ணியே பார்த்தது. 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அணைத்தவர்களும் ஆதரவில்லாத உலாவிக்காரர்களும் சேர்ந்து அதில் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் உலாவியில் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும், ஆனால் ஓடலை. பஸ்ஸில் நானும் இந்த ரகம்தான், எதையும் அணைக்கலை.

வரைபடத்துக்கும் தட்டச்சுப் பலகைக்கும் ஸ்கிரிப்ட் வேணும், ஒத்துக்கிறேன். கட்டுரைக்கு எதுக்கு? சர்வரிலேயே உரையை எச்டிஎம்எல்லாக ஆக்கி அனுப்பிவிட்டு, கருத்துப் பெட்டியையும் பகிர்வுப் பொத்தானையும் அப்புறம் ஸ்கிரிப்டால் ஒட்டிக்கொள்ளலாம். ரியாக்ட்டிலேயே இதற்கு வழி இருக்கு. சர்வர் வேலை கொஞ்சம் கூடும். இப்போது அந்த வேலை வாசகரின் டேட்டாவிலும் பேட்டரியிலும் நடக்கிறது.

மறுநாள் அதே பஸ், அதே ஒரு பாயிண்ட் சிக்னல். குறள் பக்கம் பாதி வந்து நின்றுபோச்சு. வந்தவரை படித்துக்கொண்டே ஒரகடத்தில் இறங்கினேன்.