அட்டையும் அளவும்

காலையில் வகுப்பெடுக்கும் ஆசிரியராகவும், நண்பகலில் துறைத்தலைவராகவும், மாலையில் ஆய்வு மாணவர்க்கு நெறியாளராகவும், இரவில் ஒரு சஞ்சிகையின் பதிப்பாசிரியராகவும் ஒருவரே உத்தியோகம் பார்க்க நேரும் இக்காலத்தில், காரியங்களை அட்டை அட்டையாக எழுதி, செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகளில் திரையில் நிறுத்திவைக்கும் டிஜிட்டல் பலகை பெருவழக்காகிவிட்டதில் ஆச்சரியமில்லை. எதைத் தடுப்பதற்காக அப்பலகை பிறந்ததோ, அதையே வளர்ப்பதற்கு இன்று அது உதவுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

அறிவிப்புப் பலகை என்று பொருள்படும் ‘கான்பான்’ என்னும் பெயரால் வழங்கும் இம்முறையை, ஜப்பானின் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்னும் பொறியாளர் வகுத்தார். அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில், வாங்குவோர் எடுத்துச் சென்ற அளவுக்கே தட்டுகளை மீண்டும் நிரப்பும் வழக்கத்தை மனத்திற்கொண்டு, அடுத்த கட்டத்தார் கேட்டாலன்றி முந்தைய கட்டத்தார் எவ்வுறுப்பையும் செய்யலாகாது என்று அவர் விதித்தார். 1953இல் இயந்திரப் பட்டறையில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், கேள்வியைச் சுமந்து சென்றது அட்டை. அட்டை வராவிடில் வேலையும் தொடங்காது. வேலை மிகாதபடி காத்த அணையே அது. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ முதலிய செயலிகள் அட்டையையும் பத்தியையும் உலகெங்கும் கொண்டு சேர்த்தன. அளவை மட்டும் உபயோகிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன.

இம்முறையின் அனுகூலங்கள் அற்பமானவையல்ல. நினைவில் சுமந்து திரிந்த பாரம் கண்முன் இறக்கி வைக்கப்படுகிறது. ‘பிறர் பதிலுக்குக் காத்திருப்பவை’ என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால், புறத்தேர்வாளரின் அறிக்கை வராமல் நிற்கும் ஆய்வேட்டையும், நம் சோம்பலால் நிற்கும் வினாத்தாளையும் வேறுபடுத்தி அறியலாம். பலர் கூடிச் செய்யும் பணியில், எது யார் கையில் உள்ளது என்று விசாரித்துக்கொண்டிருக்கும் சிரமமும் ஒழிகிறது.

பிரதிகூலங்களோ ஆழமானவை. சுவரில் தொங்கும் பலகைக்கு ஓரம் உண்டு. திரைக்கு அது இல்லாமையால், இன்னும் ஓர் அட்டைக்கு எப்போதும் இடமிருக்கிறது என்னும் பிரமை உண்டாகிறது. பொறுப்புக்கொரு பலகை வைத்துக்கொள்ளும் பழக்கம் இதனினும் கொடிது: நான்கு பலகைகளிலும் மும்மூன்று அட்டைகளே நடப்பில் உள்ளன என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துத் திருப்தியுறும் மனிதர், அவை பன்னிரண்டும் ஒரே சரீரத்தின் மீது ஏறியிருப்பதைக் காண்பதேயில்லை. கையிலுள்ள காரியங்களின் சராசரித் தொகையை, அவை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும் என்று ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியின்படி, வாரத்துக்கு 3 காரியம் முடிப்பவர் 12 காரியங்களைத் தொட்டுவைத்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் கிடக்கும்; அதே வேகத்தில் 6 மட்டும் கையில் இருந்தால் 2 வாரத்தில் முடியும்.

இன்னொரு குறை: வருகைச் சான்றிதழில் கையொப்பமிடுவதும், முந்நூறு பக்க ஆய்வேட்டைப் படித்துத் தீர்ப்பதும் பலகையில் ஒரே அளவு அட்டைகளாகவே நிற்பதால், சில்லறைக் காரியங்களை மளமளவென்று கடைசிப் பத்திக்குத் தள்ளும் சந்தோஷத்தில் பெரிய காரியம் பின்தங்குகிறது. மேலும், மாணவனை ஆளாக்குவது போன்ற கடமைக்கு ‘முடிந்தவை’ என்னும் பத்தியே கிடையாது. அட்டையாகாத காரணத்தால் அது மறக்கப்படுகிறது.

ஆகையால் பலகையைத் துறக்க வேண்டுவதில்லை. பொறுப்புகளை வர்ணங்களால் பிரித்து ஒரே பலகையில் வைத்து, நடுப்பத்திக்கு ஓர் எல்லை விதித்துக்கொள்வதே முறை. அவ்வெல்லை மூன்றாயின், நான்காவது அட்டை எந்த அதிகாரியின் மேசையிலிருந்து வந்தாலும், முதல் மூன்றில் ஒன்று முடியும்வரை வாசலிலேயே நிற்கட்டும். அதை நிறுத்திவைக்கத் துணியாதவருக்குப் பலகையும் ஒன்றுதான், பழைய குறிப்பேடும் ஒன்றுதான்.