விசைக்கு முந்திய பயம்

1936-ல் ஹெமிங்வே எழுதிய ‘பிரான்ஸிஸ் மக்கோம்பரின் குறுகிய இன்ப வாழ்வு’ என்ற கதையை ஒரு கோழையின் கதை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாட வந்த அமெரிக்கச் செல்வன் மக்கோம்பர் சிங்கத்துக்கு அஞ்சி ஓடுகிறான். மறுநாள் காட்டெருமையின் முன் அசையாமல் நிற்கிறான். அப்போதே மனைவியின் குண்டுக்கு இரையாகிறான். எனக்குப் பெரிதாகப் படுவது அவனுடைய ஓட்டம் அல்ல. அதற்கு முன் அவன் விரல் செய்த காரியம்.

சிங்கத்தைக் குறிபார்த்து, விரலே ஒடிந்துவிடும்போல் விசையை இழுக்கிறான். துப்பாக்கி வெடிக்கவில்லை. பாதுகாப்புத் தாழை அவன் விலக்கவே இல்லை!

துப்பாக்கி பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பலமாக உதைக்கும் ரைபிளைச் சுடுகிறவன், உதை விழுமுன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கி, விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவான். உதையின் மேல் குற்றமில்லை. தோள் அதை உணர்வதற்குள் குண்டு குழாயை விட்டுப் போய்விடுகிறது. வரப்போகும் உதையை எண்ணிக் கூசுகிற கூச்சம்தான் குறியைக் கெடுக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு. சுடுகிறவனுக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுத் தோட்டாவைக் கலந்து கொடுப்பார்கள். வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழாய் முனை சட்டென்று தாழும். குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு .22 போன்ற சின்ன ரைபிளில் பல நாள் பழக வேண்டும். காதை நன்றாக அடைத்துக்கொள்ள வேண்டும். எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாதபடி விசையை மெல்ல அழுத்த வேண்டும். பெரிய துப்பாக்கியைத் தோள் நோகுமுன் கீழே வைத்துவிட வேண்டும்.

மக்கோம்பரின் பயம் உதையைப் பற்றியதல்ல, சிங்கத்தைப் பற்றியது. ஆனாலும் வெற்றுத் தோட்டா செய்வதையே அந்தத் தாழும் செய்துவிடுகிறது. ‘அவன் நடுநடுங்கினான்’ என்று நாம் பத்து வரி எழுதுவதை ஒரு விரல் சொல்லிவிடுகிறது.

அடுத்த பாதியில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். முன்கூட்டிக் கவலைப்பட அவகாசமில்லாமல் எருமை வேட்டையில் குதித்ததால் மக்கோம்பரின் பயம் பறந்தது என்கிறார் ஆசிரியர். காரணம் சரியானதே, பயம் முன்யோசனையில்தான் வளர்கிறது. ஆனால் பழக்கத்தால் பெறவேண்டியதைத் தற்செயல் கொடுத்தால் அது நிலைக்குமா? அடுத்த சிங்கத்தின் முன் அவன் விரல் என்ன செய்திருக்கும்? அந்தக் கேள்வி எழுமுன்பே ஹெமிங்வே அவனைக் கொன்றுவிடுகிறார். கதைக்கு அது நல்ல முடிவு; மக்கோம்பருக்கு அது பரீட்சை எழுதாமல் பெற்ற தேர்ச்சி.